மறுபடியும் உட்காருவதற்கான தெம்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி, ஜூன் 4

அக்கா, மூன்றாவது முறையும் தேர்வில் என் எண் வரவில்லை. இந்தத் தடவை நன்றாகத்தான் எழுதியிருந்தேன். வீட்டில் அப்பா படுத்த படுக்கை, பாதி நாள் அவரோடு போய்விடுகிறது, கையில் காசும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் விடாமுயற்சி வேண்டும் என்கிறார்கள். அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கிறது, எனக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சை அடைக்கிறது.

ஜூன் 4, இரவு

தம்பி, முடிவு கட்ட வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம். தோற்ற சூட்டோடு நம்மைப் பற்றி நாம் எழுதும் தீர்ப்பு எதுவும் அப்படியே நம்பத் தக்கதில்லை.

பிறவி என்று சொன்னீர்கள் அல்லவா, அதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு, தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும் அவற்றில் பல தாண்டவில்லை, படுத்தே கிடந்தன. கொடுமையான சோதனை, இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அப்போது அவர்கள் சொன்ன விளக்கம், அந்த நாய்கள் "நம்மால் ஆகாது" என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டன என்பது. உலகம் முழுக்க அந்த விளக்கம்தான் பாடமாக ஓடியது.

ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-இல் அதே இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். மேயர் இதற்குள் மூளை ஆராய்ச்சிக்குப் போயிருந்தார். நீண்ட நாள் அடி விழும்போது செயலற்றுப் போவது கற்றுக்கொண்டது இல்லையாம், அதுதான் உடம்பின் இயல்பான நிலை, மூளைத்தண்டில் ஒரு சின்னப் பகுதி அதைத் தானாகவே செய்துவிடுகிறது. கற்றுக்கொள்ளப்படுவது இன்னொன்று: "நான் செய்தால் ஏதோ ஒன்று மாறுகிறது" என்பது. அதை உணர்ந்ததும் முன்மூளையின் ஒரு பகுதி அந்தச் செயலற்ற நிலையை அடக்குகிறது. ஒருமுறை அப்படிப் பழகிய மூளை அடுத்த அடியையும் கொஞ்சம் நன்றாகத் தாங்குகிறது.

அதனால் புத்தகத்தைத் திறந்ததும் நெஞ்சு அடைப்பதை வைத்து உங்களிடம் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா, பணம், தேர்வு என்று மூன்று பக்கமும் அடி வாங்கிய உடம்பு அப்படித்தான் செய்யும்.

ஜூன் 5

இன்னொன்று விட்டுப்போனது. அந்த நாய்களை மீட்டதும் அவர்கள்தான், 1968-இல். கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள். ஒருமுறை போதவில்லை, மறுபடி மறுபடி இழுத்த பிறகுதான் அவை தாமாக நகரத் தொடங்கின. முதல் சில தடவை தெம்பு நாயிடம் இல்லை, கயிற்றைப் பிடித்தவர் கையில் இருந்தது. இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன், எனக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

ஜூன் 6

"அக்கா, உங்களுக்கு அப்படி என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்குத் தையல்தான் தொழில். அதிலும் கையால் செய்கிற நுண்ணிய எம்ப்ராய்டரி. உடைந்த கண்ணாடி மணிக்கட்டில் வெட்டியதில் விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டும், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பும் போய்விட்டன. வலது கை. அறுவை செய்து எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தார்கள்.

நரம்பு எப்படி வளரும் தெரியுமா? வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் இழை பட்டுப்போய்விடும். தைத்த இடத்திலிருந்து புதிதாகத் துளிர்த்து விரல் நுனி வரை வளர்ந்து போக வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதற்கு முன்னால் கிளம்பவே சில வாரம் எடுத்துக்கொள்ளும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை வருடத்துக்கு மேல். நாம் என்ன முக்கினாலும் அது 2 மில்லிமீட்டர் ஆகாது.

எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் ஒரு வேலை செய்வார். விரல் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். நரம்பின் வளரும் முனை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் தட்டினால் சுரீரென்று விரலுக்குள் மின்சாரம் ஓடியதுபோல இருக்கும். அங்கே பேனாவால் ஒரு கோடு போடுவார், குறிப்பேட்டில் அளவை எழுதிக்கொள்வார். அடுத்த மாதம் கோடு கொஞ்சம் விரல் பக்கமாக ஏறியிருக்கும். விரல் நுனி அப்போதும் மரக்கட்டைதான், ஊசி குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தியதே தெரியும். ஆனால் கோடு நகர்ந்திருந்தது. அந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் நான் தொடர்ந்திருப்பேனா என்பது சந்தேகமே. பயனை என்னால் உணர முடியாத மாதங்களில் எனக்குத் தைரியம் அந்தப் பேனாக் கோட்டிலிருந்துதான் வந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும் தம்பி. தேர்வு முடிவு வருடத்துக்கு ஒருமுறை வருகிற தகவல், அதை மட்டும் நம்பி யாராலும் வண்டி ஓட்ட முடியாது. பழைய வினாத்தாளில் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எத்தனை சரி என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. மேலே ஏறுகிறதா என்பது ஒரு காகிதத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும்.

ஜூன் 7

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் முட்டி மோதிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும், அதுதானே?" என்று கேட்கிறார். இல்லை ஐயா. தைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் வைராக்கியத்தோடு எதையாவது இறுக்கிப் பிடித்தால் தையலே அறுந்துபோகும், பழையபடி அறுவைதான். அதே சமயம் அசைக்காமலே விட்டாலும் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பிளிண்ட் என்ற தாங்குகட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு, சொன்ன அளவுக்கு மட்டும், சொன்ன நேரத்தில் மட்டும் அசைக்க வேண்டும்.

நான் அத்தனையும் ஒழுங்காகச் செய்தேன். அப்படியும் ஒட்டிக்கொண்டது. சிலருக்கு ஒட்டத்தான் செய்யும். மறுபடியும் திறந்து ஒட்டலைப் பிரித்து எடுத்தார்கள், மறுபடியும் முதலிலிருந்து பயிற்சி. அந்த இரண்டாவது தொடக்கம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை என்ன வரப்போகிறது என்று தெரியாத தைரியம் ஒன்று இருந்தது. இரண்டாவது தடவை எல்லாம் தெரியும், எங்கே வலிக்கும் என்றுகூடத் தெரியும்.

உங்களுக்கு நான்காவது முறை என்பது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். "இத்தனை முறை எழுதியவனுக்கு இதில் என்ன பயம்" என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம்.

ஜூன் 9

மனவலிமையை அளக்கலாம், அது உள்ளவர்கள்தான் ஜெயிக்கிறார்கள் என்று ஒருவர் ஆராய்ச்சியோடு வந்திருக்கிறார். சரி, அதையும் பார்ப்போம். "கிரிட்" என்ற பெயரில் ஆஞ்செலா டக்வொர்த்தும் மற்றவர்களும் 2007-இல் வெளியிட்டது அது. தொடர்ந்து உழைப்பது, ஆர்வத்தை மாற்றாமல் இருப்பது இரண்டையும் சேர்த்து ஒரு மதிப்பெண். அமெரிக்க ராணுவக் கல்லூரியின் கடுமையான முதல் கோடைப் பயிற்சியில் யார் தாக்குப்பிடிப்பார்கள் என்பதை அது ஓரளவு முன்கூட்டியே காட்டியது, உண்மைதான்.

ஆனால் 2017-இல் மார்கஸ் கிரேடேயும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள், 88 மாதிரிகள், 66,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். பொறுப்புணர்வு என்று உளவியலில் ஏற்கெனவே அளந்துவந்த குணத்தோடு இது பெருமளவு ஒன்றாகவே இருந்தது, செயல்திறனோடு இருந்த தொடர்பும் நடுத்தரமாகத்தான் இருந்தது. அதிலும் உழைப்பைத் தொடர்வது என்கிற பாதிக்குத்தான் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதனால் ஒரு கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண் வந்தது என்று யாரும் தலையில் கை வைக்க வேண்டியதில்லை.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

"21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று போட்டிருப்பவருக்கு: இரண்டுமே சரியில்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பில்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளில் படிக்கவில்லையா, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவ்வளவுதான்.

ஜூன் 12

இன்றைக்கு எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் நிதிக்கு விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளை வைத்து ஒரு ஆய்வு, 2019-இல் வந்தது. மயிரிழையில் நிதி கிடைத்தவர்கள் ஒரு பக்கம், மயிரிழையில் தவறவிட்டவர்கள் இன்னொரு பக்கம். தகுதியில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, தவறவிட்டு அதன் பிறகும் துறையிலேயே நின்றவர்கள், கிடைத்தவர்களைவிட அதிகம் கவனிக்கப்பட்ட ஆய்வுகளை எழுதியிருந்தார்கள். இதை எடுத்துக்கொண்டு "தோல்வி நம்மை உரமாக்கும்" என்று பேசக் கிளம்புகிறவர்கள் நிறைய.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. தவறவிட்டவர்களில் கூடுதலான பேர் துறையைவிட்டே காணாமல் போனார்கள். பலவீனமானவர்கள் விலகியதால்தான் மிச்சமிருந்தவர்கள் பலமாகத் தெரிகிறார்களோ என்ற சந்தேகத்தையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள், அதைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிச்சம் இருந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். என் மனம் இருந்தாலும் அந்தக் காணாமல் போனவர்களிடமே போகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது, எத்தனை பேருக்குக் கைக்குழந்தை இருந்தது, எத்தனை பேருக்கு உங்களைப்போல அப்பா படுக்கையில் இருந்தார்? நின்றவர்களை மட்டும் கூப்பிட்டு "எப்படி நின்றீர்கள்" என்று கேட்டால் அவர்கள் மன உறுதி என்றுதான் சொல்வார்கள். யார் காசில் நின்றார்கள் என்பது அந்தப் பதிலில் வராது.

இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்டு என்ற கணித அறிஞர் விமானங்களைப் பற்றிச் சொன்னதும் இதுதான். குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் ஓட்டையைப் பார்த்து அந்த இடங்களைப் பலப்படுத்த நினைப்பது இயல்பு. திரும்பி வராத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று யோசியுங்கள் என்றார் அவர்.

என் விஷயத்தில் திரும்பி வந்ததற்குக் காரணம் என் தங்கை. இரண்டாவது அறுவைக்குப் பிறகு வேலை இல்லாமல் இருந்த காலம் முழுவதும் அவள் வீட்டில் இருந்தேன். ஒரு நாளும் "இன்னும் எத்தனை நாள் அக்கா" என்று அவள் கேட்டதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மேசையில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போவாள், அதில் பொத்தான், நாணயம், உப்புத்தாள் துண்டு, பஞ்சு, நூல்கண்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எது என்ன என்று சொல்லிப் பழக வேண்டும், மூளைக்குப் புதிய நரம்பின் பேச்சு புரிவதற்கான பயிற்சி அது. மாலையில் வந்து அவள் என் கண்ணைத் துணியால் கட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். உப்புத்தாளைப் பஞ்சு என்று சொன்னால் திருத்த மாட்டாள், "இன்னொரு தடவை" என்பாள். பொத்தானின் நான்கு ஓட்டைகளும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிந்த அன்றைக்கு என்னைவிட அவள்தான் அதிகம் கூச்சல் போட்டாள்.

அதனால் உங்களிடம் நான் கேட்க விரும்புவது இது தம்பி: கிண்ணத்தை எடுத்து வைக்க உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவின் பக்கத்தில் வாரத்தில் இரண்டு வேளை வேறு யாராவது உட்கார முடியுமா? சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், யாராவது? கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

ஜூன் 13

கேட்டேன், மாமா சனிக்கிழமை வருகிறேன் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்த பதில் இதுதான்.

ஜூன் 16

அண்டார்க்டிகா கண்டத்தைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பிய எர்னஸ்ட் ஷாக்கில்டனின் கதையை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார், நல்லது. "ஒருவர்கூடச் சாகவில்லை" என்பதில் மட்டும் ஒரு திருத்தம். அண்டார்க்டிகாவின் இந்தப் பக்கம் எண்டியூரன்ஸ் கப்பலில் போனவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதே பயணத்துக்காக மறுபக்கம் ராஸ் கடலில் இறங்கி, வரவே வராத அவருக்காக வழியில் உணவுப் பொருள் வைத்துக்கொண்டு போன குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடமும் வேறு. பனியில் நசுங்கிய கப்பல் 1915 நவம்பர் 21-இல் மூழ்கியது. கண்டத்தைக் குறுக்காகக் கடப்பது என்ற லட்சியம் அதோடு முடிந்தது, அவர் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. எல்லாரையும் உயிரோடு வீடு சேர்ப்பது என்று இலக்கை மாற்றிக்கொண்டார். மற்றவர்களை எலிஃபன்ட் தீவில் விட்டுவிட்டு, சின்னப் படகில் ஐந்து பேரோடு சவுத் ஜார்ஜியா தீவுக்குச் சுமார் 800 மைல் போய், அங்கிருந்து மீட்புக்குக் கப்பல் தேடி, மூன்று முறை பனி வழிமறித்துத் திரும்பி, நான்காவது முறை 1916 ஆகஸ்ட் 30-இல் எலிஃபன்ட் தீவை அடைந்தார். அங்கே விட்டுவந்த 22 பேர் நான்கு மாதத்துக்கு மேல், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் அடியில் வாழ்ந்திருந்தார்கள். பொறுப்பில் இருந்த ஃபிராங்க் வைல்டு, கடலில் பனி விலகிய ஒவ்வொரு காலையும் படுக்கையைச் சுருட்டி வைக்கச் சொல்வாராம், தலைவர் இன்றைக்கு வரலாம் என்று.

படகில் போனவரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வைல்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசை. செய்வதற்கு எதுவும் இல்லாத இடத்தில், படுக்கையைச் சுருட்டுவது என்று ஒரு வேலையாவது அவர் கொடுத்தாரே. மேலே ஜூன் 4-ஆம் தேதி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 20

"அப்படியென்றால் விட்டுவிடுவதும் சரிதானா? எப்போது விடுவது?"

இதைக் கேட்பதற்கே நீங்கள் பயந்திருப்பீர்கள், விடாமுயற்சி பற்றிப் பேசும் இடத்தில் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள் என்று. சரியான கேள்வி. கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் குழுவும் 2003-இலிருந்து இதைத்தான் ஆராய்கிறார்கள். அடையவே முடியாத இலக்கிலிருந்து விலகத் தெரிந்தவர்களின் மனநலம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அதோடு வேறொரு இலக்கைப் பிடித்துக்கொள்ளவும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

என் கை எவ்வளவு திரும்ப வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பொத்தான் தெரிகிறது. நூல் தெரிகிறது. மெல்லிய ஊசியின் முனை துணிக்கு அடியில் எங்கே இருக்கிறது என்பது முன்புபோலத் தெரிவதில்லை. பெரியவர்களுக்கு வெட்டுப்பட்ட நரம்பு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அபூர்வம். எம்ப்ராய்டரி என்பது அந்த முனையின் உணர்ச்சியில்தான் இருக்கிறது. அதை விட்டேன். விட்ட அன்றைக்கு அழுதேன், இப்போதும் யாராவது நல்ல வேலைப்பாட்டைக் காட்டினால் உள்ளுக்குள் ஏதோ செய்யும்.

ஆனால் தையலை விடவில்லை. கட்டிங் பக்கம் வந்தேன். அளவெடுத்து, பேட்டர்ன் வரைந்து, துணியின் இழை போகும் திசை பார்த்து வெட்டுவதற்குக் கண்ணும் கணக்கும்தான் அதிகம் வேண்டும், கத்தரியைப் பிடிக்கிற அளவுக்கு விரலில் பலம் இருக்கிறது. முதல் ஆறேழு மாதம் ரொம்ப மோசம், தோள்பட்டை வளைவு எனக்குப் பிடிபடவே இல்லை. காகிதத்தில் வெட்டி வெட்டி, பொருத்திப் பார்த்து, மறுபடி வெட்டித்தான் வந்தது. இன்றைக்கு அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

எப்போது விடுவது என்பதற்கு என்னிடம் அளவுகோல் கிடையாது, நான் எனக்குக் கேட்டுக்கொண்ட கேள்விகளைச் சொல்கிறேன். பேனாக் கோடு இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா? எனக்குப் பிடிப்பது இந்த வேலையா, இந்த வேலை செய்கிறவள் என்ற பெயரா? இதுவரை கொட்டிய வருடங்களை மறந்துவிட்டு இன்று புதிதாக முடிவெடுத்தால் இதையே தேர்ந்தெடுப்பேனா? மூன்றாவது கேள்விதான் என்னை வாட்டியது. இன்னொன்றும் உண்டு, அதைக் கேள்வி என்பதைவிட விதி என்று சொல்லலாம்: தோற்ற வாரத்தில் விலகக்கூடாது, கொஞ்சம் நன்றாகப் போகிற ஒரு வாரத்தில் உட்கார்ந்து யோசித்து, அப்போதும் விடலாம் என்று தோன்றினால் விடலாம்.

ஜூன் 21

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் தேர்வுக்கு வயது வரம்போ முறை வரம்போ இருந்தால் அந்தக் கணக்கை மனதிலே வைத்துக்கொண்டு இரவெல்லாம் புரளாதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள். இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம், அதில் எத்தனையை எழுதப்போகிறேன், அதற்குப் பிறகு எந்த வேலை. இரண்டாவது வழி ஒன்று கையில் இருப்பதால் முதல் வழியில் உழைப்பு குறைந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். என்னைப் பொறுத்தவரை, கட்டிங் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பயிற்சியில் கை நடுங்காமல் இருந்தது.

ஜூன் 25

தன்னையே திட்டிக்கொள்வது பற்றி. "கடுமையாக இல்லாவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2012-இல் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் செய்த சோதனையைப் பாருங்கள். கடினமான ஒரு தேர்வில் மாணவர்கள் சறுக்கிய பிறகு, ஒரு பகுதியினரிடம் "இது பலருக்கும் கஷ்டமான தேர்வுதான், உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்" என்ற பொருளில் சொன்னார்கள். இரண்டாவது தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் அந்தப் பகுதியினர்தான். தன்னிடம் இரக்கம் காட்டியவர்கள் சோம்பேறி ஆகவில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. திட்டு விழும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். புத்தகத்தைத் திறந்தவுடன் உள்ளே ஒருவன் திட்டத் தொடங்கினால் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கத்தான் தோன்றும்.

ஜூன் 28

இது உங்களுக்கு மட்டுமல்ல, படிக்கிற எல்லாருக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க மனம் கனமாகவே இருக்கிறது, பிடித்ததும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதை விடாமுயற்சியால் தீர்க்க முயலாதீர்கள். மனச்சோர்வு ஒரு நோய், மருத்துவம் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு குறைவு இரண்டுமே ஆளை இப்படி முடக்கிப் போடும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாக வேண்டும் என்று எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். தம்பி, நெஞ்சு அடைக்கிறது என்று முதல் நாள் சொன்னீர்கள், அது குறைந்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

ஜூலை 3

சனிக்கிழமைகளில் நெஞ்சு அடைப்பதில்லை, மற்ற நாட்களில் புத்தகத்தைத் திறக்கவே பத்து மணி ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைச் செய்து பாருங்கள். "இன்று நிறைய படிக்க வேண்டும்" என்று தீர்மானம் போடாமல், எந்த நேரத்தில் எந்த இடத்தில் எதைச் செய்வேன் என்று முன்னாலேயே கோர்த்து வைத்துக்கொள்வது. "அப்பாவுக்கு இரவு மாத்திரை கொடுத்ததும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கணக்கு." பீட்டர் கோல்விட்சர் என்பவர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட இப்படிக் கோர்த்து வைத்தவர்கள் நன்றாகவே சாதித்திருந்தார்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் வேலை இல்லாமல் போவதுதான் இதில் விஷயம். சோர்ந்த மனிதனால் செய்ய முடியும், முடிவெடுப்பதுதான் முடியாது.

ஒரு கணக்கு போதுமா என்று கேட்காதீர்கள். இப்போதைக்குப் போதும்.

ஜூலை 10

புதிதாக ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகள் இரண்டாவது முறை தோற்று அறையைவிட்டு வெளியே வருவதில்லை, நான் என்ன பேசுவது?

அம்மா, முதல் சில நாள் அடுத்து என்ன என்று கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகளின் பெயரை எடுக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று பாருங்கள். பிறகு அவளால் நிச்சயம் செய்ய முடிகிற வேலை ஒன்றை அவளிடம் உதவியாகக் கேளுங்கள், உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையாக இருக்கட்டும், பாசாங்கு பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். முடிந்தால் அவளைவிடச் சின்ன ஒருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். 2018-இல் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லரும் மற்றவர்களும் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, படிப்பிலும் வேலை தேடுவதிலும் திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆலோசனை கேட்பதைவிட, பிறருக்கு ஆலோசனை சொல்வதுதான் அதிக ஊக்கம் கொடுத்தது. தன்னிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பது அப்போது தெரிகிறது.

தம்பி, அந்த ஆய்வு உங்களுக்கும்தான். அந்த அம்மாவின் மகள் எழுதுவதும் உங்கள் தேர்வுதானாம், முதல் தாளில்தான் அவளுக்குத் தடை. முதல் தாளை நீங்கள் ஒவ்வொரு முறையும் தாண்டியிருக்கிறீர்கள். எப்படிப் படித்தீர்கள் என்று கீழே எழுதுங்களேன், நேரம் எடுத்துக்கொண்டு, விவரமாக.